அரைப் புள்ளி போதும், ஆனாலும் ஆடினார்!

பத்து ஆட்டங்கள் கொண்ட போட்டி. ஒன்பது முடிந்துவிட்டது. ஒருவர் கணக்கில் 5 புள்ளி. எதிராளி கணக்கில் 4 புள்ளி. மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆட்டம். முன்னால் நிற்பவர் அந்த ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தோற்காமலிருந்தால் போதும். காய்களை அணைத்து வைத்துக்கொண்டு, வாசற்கதவைத் தாழிட்டுக்கொண்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டால் அரைப் புள்ளி தானாக மடியில் வந்து விழும். அந்த அரைப் புள்ளியோடு சதுரங்க உலகின் மணிமுடியும் சேர்ந்து விழும்!

அதுவும் யாருக்கு? சமன் செய்வதிலே சமர்த்தர், தோற்கடிக்கவே முடியாதவர் என்று ஊரெல்லாம் பெயரெடுத்த ஒருவருக்கு! மீனைப் பார்த்து, ஆற்றை நீந்திக் கடந்தால் அரசு உனக்கே என்று சொன்னதைப் போல!

அவர் என்ன செய்தார் தெரியுமா, தோழா? உட்காரவில்லை. எழுந்து பாய்ந்தார். வெற்றிக்கே ஆடினார். ஆடித் தோற்றார்!

கார்ல் ஷ்லெக்டர் என்பது அவர் பெயர். வியன்னா நகரத்துக்காரர். நடந்தது 1910-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்களில்.

தோற்றவனுக்கு எதற்கய்யா வரலாறு என்று கேட்கலாம். வென்றவனுக்கு வரலாறு எழுத ஆயிரம் பேர் ஏடும் எழுத்தாணியும் ஏந்தி நிற்பார்கள். நாம் போய் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் சதுரங்கம் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால், அந்தப் பத்தாவது ஆட்டத்தில் அந்த மனிதர் ஏன் அப்படி ஆடினார் என்று இன்றைக்கும் வழக்காடுகிறார்கள். தோற்ற ஆட்டம் ஒன்றுக்கு இத்தனை ஆயுள் இருக்கிறதென்றால், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

சதுரங்கம் பழகாத தோழர்களுக்கு இரண்டு வார்த்தை. 64 கட்டம், ஆளுக்கு 16 காய். எதிரியின் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கினால் வெற்றி. வென்றவனுக்கு ஒரு புள்ளி. சில நேரங்களில் இருவராலும் வெல்ல முடியாது. ராணி விடாமல் ராஜாவைத் துரத்திக்கொண்டே இருக்கும். ராஜா தப்பிக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிவில்லாமல் சுற்றும். அல்லது பலகையில் மிஞ்சிய படை வெற்றிக்குப் போதாது. அல்லது இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, இதற்கு மேல் வேண்டாமென்று கைகுலுக்கி எழுந்துவிடுவார்கள். கோர்ட்டில் ராஜி செய்துகொள்வதைப் போல! இதற்குத்தான் டிரா என்று பெயர். ஆளுக்கு அரைப் புள்ளி.

இந்த டிராவிலே நல்லதும் உண்டு, பொல்லாததும் உண்டு. உயிரைக் கொடுத்துப் போராடி, ஐந்து மணி நேரம் மூளையைக் கசக்கி, தோற்க வேண்டிய ஆட்டத்தைக் காப்பாற்றிச் சமன் செய்வது ஒரு வகை. காலையில் காப்பி குடித்த சூடு ஆறுவதற்குள் பதினைந்து நகர்வு நகர்த்திவிட்டு, இன்றைக்கு உனக்கும் களைப்பு எனக்கும் களைப்பு என்று சொல்லிக் கலைந்துபோவது இன்னொரு வகை. பார்க்க வந்தவன் காசு போயிற்று; ஆடியவன் மானமும் பாதி போயிற்று!

ஷ்லெக்டரின் டிரா இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அதைச் சொல்வதற்கு அவர் பிறப்பு வளர்ப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

1874-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் தலைநகரம் அது. மாளிகைகளும் இசைமண்டபங்களும் ஒரு பக்கம். காப்பிக் கடைகளும் அவற்றின் மேசைகளில் சதுரங்கப் பலகைகளும் ஒரு பக்கம். நம் ஊர்த் தேநீர்க் கடையில் பத்திரிகையும் அரசியலும் புழங்குவதைப் போல, அந்த ஊர்க் காப்பிக் கடையில் சதுரங்கம் புழங்கியது. 13 வயதில் பலகையின் முன் உட்கார்ந்த சிறுவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆட்டம் ஆடுவது, ஆட்டத்தைப் பற்றி எழுதுவது, புதிர்கள் அமைப்பது - வாழ்வே அதுவாயிற்று, வயிற்றுப்பாடும் அதுவாயிற்று.

அவருடைய பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெர்மன் மொழியிலே ஷ்லெக்டர் என்ற சொல்லுக்கு, இன்னும் மோசமானது என்று பொருள்! பெயர் இப்படி; ஆளோ, எதிராளிகள்கூட ஒரு குறை சொல்லக் கூசிய அளவுக்கு நல்லவர். பெயரைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் எந்த ஊரிலும் ஏமாந்துதான் போவார்கள்.

1893-ஆம் ஆண்டு; வயது 19. தம்மைவிட மூத்தவரான ஜார்ஜ் மார்கோவோடு ஒரு போட்டி ஆடினார். பத்து ஆட்டம். முடிவு? பத்தும் டிரா! ஒன்றுகூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயவில்லை. அன்று ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். டிரா மன்னன் என்றார்கள். சிலர் பாராட்டாகச் சொன்னார்கள். பலர் ஏளனமாகச் சொன்னார்கள்.

ஏளனம் செய்தவர்கள் ஒன்றைப் பார்க்கத் தவறினார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் உடல் நலமில்லாதிருந்தால், வெல்லக்கூடிய நிலையிலிருந்தாலும் ஷ்லெக்டர் டிராவுக்குச் சம்மதித்துவிடுவார் என்று சொல்வார்கள். எதிராளி தாமதமாக வந்தால், அவருடைய கடிகாரத்தில் ஓடிப்போன நேரத்தைக் கணக்கிட்டு, அதே அளவு நேரத்தைத் தம் கடிகாரத்திலும் ஓசைப்படாமல் ஓடவிட்டுவிட்டுத்தான் ஆடத் தொடங்குவாராம்! போட்டி ஆட்டத்தில் கடிகாரம் என்றால் என்னவென்று தெரியுமா? ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று அளவு. அந்த நேரம் தீர்ந்தால் ஆட்டமே போச்சு. ரயிலைத் தவறவிட்டு ஓடிவரும் தோழனுக்காகத் தன் ரயிலையும் விட்டுவிட்டு நிற்கிறவனைப் போல!

பல்லில்லாத பாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1900-இல் மியூனிக் நகரப் போட்டியில், அமெரிக்காவின் பில்ஸ்பரியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1906-இல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரில் நடந்த போட்டி மாபெரும் போட்டி; 36 பேரைக் கொண்டு தொடங்கியது. பல கட்டங்களாக, வாரக்கணக்கில் நடந்தது. ஹங்கேரியின் மரோட்சி இரண்டாவது, போலந்தின் ரூபின்ஸ்டைன் மூன்றாவது, முதலாவது ஷ்லெக்டர்! 1908-இல் வியன்னாவிலும் பிராக் நகரத்திலும் முதலிடத்தில் பங்கு. டிராவை மட்டுமே அடுக்கி வைத்து ஒருவன் இந்த இடங்களுக்கு ஏறமுடியுமா? வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டியிருக்கிறார். வெட்டிய பிறகு வாளைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, அடுத்த மேசைக்காரருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்கம் வருவோம்.

இமானுவேல் லாஸ்கர். ஜெர்மனிக்காரர், யூத இனத்தவர். 1868-இல் பிறந்தவர். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் பெயரால் வழங்கும் தேற்றம் இன்றைக்கும் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. 1894-இல் உலகப் பட்டத்தைப் பிடித்தார். 1921 வரை விடவில்லை. 27 ஆண்டு! அந்தப் பட்டத்தை அவ்வளவு காலம் வைத்திருந்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

லாஸ்கரைப் பற்றி அன்றைக்கு ஒரு பெரிய புகார் உண்டு. காசுக்காரன், கூலி பேசாமல் காயைத் தொடமாட்டான், இவ்வளவு தந்தால்தான் வருவேன் என்று கெடுபிடி செய்கிறான் என்று கோட்டு போட்ட கனவான்கள் முகம் சுளித்தார்கள். சதுரங்கம் என்பது உயர்ந்தோர் பொழுதுபோக்காம்; அதற்குக் காசு கேட்பது கௌரவக் குறைச்சலாம்! கேட்டீர்களா நியாயத்தை! மண்டபத்துக்காரனுக்கு வாடகை உண்டு, சிற்றுண்டிக்காரனுக்கு விலை உண்டு, அச்சடிக்கிறவனுக்குக் கூலி உண்டு; ஆட்டம் ஆடுகிறவன் மட்டும் காற்றைக் குடித்து வாழவேண்டுமாம். லாஸ்கர் அதற்கு இணங்கவில்லை. என் உழைப்பு, என் மூளை, என் விலை என்று நின்றார். இந்த ஒரு விஷயத்தில் என் வாக்கு லாஸ்கருக்குத்தான்; ஆலையில் வேலை செய்து கூலி கேட்டவர்களுக்கு அதில் ஐயம் இருக்காது.

ஷ்லெக்டரோ நேர்மாறு. கேட்கத் தெரியாதவர். பிறர் ஆசைப்படும் பொருளைத் தட்டிப் பறிக்கும் பிசாசுக் குணம் இந்த மனிதரிடம் கொஞ்சமும் இல்லையே என்ற பொருளில் லாஸ்கரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

இந்த இருவரும் மோத வேண்டுமென்ற பேச்சு 1908 வாக்கில் எழுந்தது. முதலில் 30 ஆட்டம் என்றார்கள். பணம் திரளவில்லை. திரண்ட பணத்துக்கு ஏற்றபடி ஆட்டத்தின் எண்ணிக்கையை வெட்டினார்கள். முப்பது பத்தாயிற்று! உலகப் பட்டத்துக்கு உரிய ஒருவரை அளந்து பார்க்கும் படியை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். முப்பது ஆட்டத்தில் ஒரு தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள நாள் இருக்கும். பத்து ஆட்டத்தில் ஒரு சறுக்கல், ஊரே சறுக்கியதாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910 ஜனவரி 7-ஆம் நாள் வியன்னாவில் தொடங்கியது. முதல் ஐந்து ஆட்டம் அங்கே. அடுத்த ஐந்து பெர்லினில்.

முதல் ஆட்டத்திலேயே லாஸ்கர் தடுமாறினார். ஒரு சிப்பாய் குறைவு, ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சிய கடைசிக் கட்டம், ஷ்லெக்டர் நெருக்குகிறார். லாஸ்கர் பதுங்காமல், இன்னொரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்து யானையை வெளியே பாயவிட்டார். தப்பினார். டிரா. யானை ஆட்டம் கற்பிக்கும் புத்தகங்களில் அந்த நகர்வு இன்றைக்கும் பாடம்.

இரண்டு, மூன்று, நான்கு - எல்லாம் டிரா.

ஐந்தாவது ஆட்டம். இந்த முறை லாஸ்கர் கை ஓங்கியிருந்தது. நல்ல நிலை; வெல்லக்கூடிய நிலை. ஆனால் நேரம் நெருக்க, ஒரு தவறு செய்தார். ஷ்லெக்டர் விடவில்லை. பிடித்தார், முடித்தார். உலகப் பட்டத்துக்காரர் வீழ்ந்தார்! வியன்னா கொண்டாடியது.

பெர்லினுக்குப் போனார்கள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. லாஸ்கர் முட்டிப் பார்த்தார், மோதிப் பார்த்தார், காட்டுத்தனமாகக்கூட ஆடிப் பார்த்தார். நான்கும் டிரா! சுவரிலே தலையை மோதினால் சுவருக்கா வலிக்கும்? போட்டி முடியும் தறுவாயில் லாஸ்கர் ஒரு பத்திரிகைக்கு எழுதினார்: வாழ்விலே முதன்முறையாகத் தாம் தோற்கப்போவதாகத் தெரிகிறது, அப்படியானால் நல்ல மனிதர் ஒருவர் கைக்குப் பட்டம் போகும் என்பது அதன் கருத்து. எதிரியே எழுதுகிறார் இப்படி. ஷ்லெக்டரின் தலையில் முடி பாதி ஏறிவிட்டது.

பத்தாவது ஆட்டம். பிப்ரவரி 8-இல் தொடங்கி 10-இல் முடிந்தது. இரண்டு முறை ஒத்திவைத்து, மூன்று நாள் ஆடினார்கள். வெள்ளைக் காய் லாஸ்கருக்கு, கருப்பு ஷ்லெக்டருக்கு. ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினார் லாஸ்கர்.

டிரா மட்டும் போதுமென்று நினைக்கிறவன் எப்படி ஆடுவான்? காய்க்குக் காய் மாற்றுவான். ராணியைக் கொடுத்து ராணியை எடுப்பான். யானைக்கு யானை, குதிரைக்குக் குதிரை. பலகையைக் காலியாக்கி, சண்டைக்கு ஆளே இல்லாமல் செய்துவிடுவான். ஷ்லெக்டர் அதைச் செய்யவில்லை. பத்து நகர்வுக்குள்ளாகவே ராணிப் பக்கத்துச் சிப்பாயை முன்னே முன்னே தள்ளி, தம் பக்கத்துச் சுவரிலே தாமே ஓட்டை போட்டுக்கொண்டு, எதிரியின் மேல் போனார். லாஸ்கருக்கோ வெற்றி தவிர வேறு வழியில்லை. அவரும் 15-ஆம் நகர்வில் ராஜா பக்கத்துச் சிப்பாயைப் பாயவிட்டார். அவருடைய ராஜா கடைசி வரை கோட்டைக்குள் புகவே இல்லை, நடுக்களத்திலேயே நின்றது. இருவர் வீட்டுக் கூரையும் பிய்ந்துபோயிற்று. உள்ளே யார் முதலில் குதிப்பது என்பதுதான் கேள்வி.

ஷ்லெக்டரின் ராணி குதித்தது. ஓரத்துச் சிப்பாயைக் கொத்திக்கொண்டு வெள்ளை முகாமுக்குள் நுழைந்தது. இரண்டு யானைகளும் ஒரே நெட்டு வரிசையில் அடுக்கி நின்றன. வெள்ளை ராஜா இந்தக் கட்டம் அந்தக் கட்டம் என்று ஓடத் தொடங்கியது. உலகப் பட்டத்துக்காரரின் ராஜா!

35-ஆம் நகர்வு. இங்கேதான் கதை. பின்வரிசையில் இருந்த யானையை அமைதியாக ஒரு பக்கம் நகர்த்தியிருந்தால் ஷ்லெக்டருக்குக் கவலையே இல்லை, மேலான நிலையே இருந்திருக்கும் என்று நிபுணர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் நகர்த்தவில்லை. யானையையே பலியாகக் கொடுத்தார்! சிப்பாய் ஒன்றை அந்த யானை அடித்தது. வெள்ளை மந்திரி யானையை அடித்தது. இரண்டாவது யானை பாய்ந்து மந்திரியை அடித்தது. வெள்ளை ராஜாவைச் சுற்றி இருந்த வேலி போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சை அடக்கியிருப்பார்கள்.

அப்போதும் டிரா அவர் கையை விட்டுப் போகவில்லை! 39-ஆம் நகர்வில் ராணியை ஒரு கட்டத்திலிருந்து செக் சொல்லியிருந்தால் டிரா கிடைத்திருக்கும் என்கிறார்கள். அவர் வேறு கட்டத்திலிருந்து செக் சொன்னார். லாஸ்கர் யானையைக் குறுக்கே வைத்தார். துரத்தல் ஓய்ந்தது. புயல் கடந்துபோயிற்று, பார்த்தால், லாஸ்கரிடம் ராணியோடு யானையும் குதிரையும், ஷ்லெக்டரிடம் ராணியோடு மந்திரியும் குதிரையும். கணக்கில் லாஸ்கருக்குச் சற்றே மிகுதி. அந்தச் சற்றே மிகுதியை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், மெல்ல மெல்ல, நூல் நூற்பதைப் போல ஆடினார் லாஸ்கர். 71-ஆம் நகர்வோடு ஷ்லெக்டர் பணிந்தார்.

5-க்கு 5. போட்டி சமன்! போட்டி சமனானால் பட்டம் யாரிடம் இருந்ததோ அவரிடமே. டிரா மன்னன் என்று பெயரெடுத்தவர் பத்தில் எட்டை டிரா செய்தார், ஒன்றை வென்றார், டிரா ஒன்றே தேவைப்பட்ட ஆட்டத்தில் தோற்றார்.

ஏன்?

ஒரு சாரார் சொல்கிறார்கள்: ஒப்பந்தத்தில் ஒரு விதி ஒளிந்திருந்தது, ஒரு புள்ளி முன்னணி போதாது, இரண்டு புள்ளி முன்னணி இருந்தால்தான் பட்டம் கைமாறும் என்று லாஸ்கர் எழுதி வாங்கியிருந்தார், ஆகவே ஷ்லெக்டருக்கு அந்த டிராவால் பயனே இல்லை, வென்றே ஆகவேண்டியிருந்தது என்று. 30 ஆட்டம் என்று பேசிய காலத்தில் அப்படியொரு நிபந்தனை பேசப்பட்டது உண்மைதான். நாற்காலியில் இருப்பவனே நாற்காலிக்கு விதி எழுதினால் எப்படி எழுதுவான் என்பது நமக்குத் தெரியாததா? அந்த விதி பத்து ஆட்டப் போட்டிக்கும் தொடர்ந்திருந்தால், ஷ்லெக்டர் முன்னே இருந்ததே வெறும் தோற்றம். கதவைத் திறந்து வைத்து உள்ளே இன்னொரு கதவைப் பூட்டி வைத்த கதை!

ஆனால் லாஸ்கர் பத்திரிகைக்கு எழுதியதை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளிப் பின்னடைவு பட்டத்தைப் பறிக்காது என்றால், பட்டம் நல்லவர் ஒருவர் கைக்குப் போகிறது என்று அவர் எழுதுவானேன்? இரண்டு புள்ளி விதியை நம்ப எனக்குத் தடையாக நிற்பது அந்தக் குறிப்புத்தான்.

இன்னொரு சாரார் சொல்வது வேறு. ஐந்தாவது ஆட்டம் லாஸ்கர் வெல்ல வேண்டிய ஆட்டம். அவர் தவறியதால் கிடைத்த புள்ளி. எதிரி வழுக்கி விழுந்ததால் கிடைத்த ஒரே ஒரு புள்ளியைப் பொத்திக்கொண்டு, ஒன்பது டிராவை அடுக்கி, உலகப் பட்டம் சூடிக்கொள்ள ஷ்லெக்டரின் மனம் இடம் தரவில்லை என்கிறார்கள்.

நான் அவரை வானத்துக்குத் தூக்கி வைக்க வரவில்லை. அந்தப் பத்தாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் அவர் செய்தது அளவுக்கு மிஞ்சிய துணிச்சல். நான் அவர் பக்கத்தில் துணையாக நின்றிருந்தால் கோட்டைப் பிடித்து இழுத்திருப்பேன். தோழரே, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு எத்தனையோ களம் இருக்கிறது, இன்றைக்கு அரைப் புள்ளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சியிருப்பேன். கேட்டிருக்கமாட்டார் என்றும் தெரியும். நோயாளிக்கு அரைப் புள்ளி தந்தவர். தாமதமாக வந்தவனுக்கு நேரம் தந்தவர். ஊருக்கெல்லாம் அரைப் புள்ளியை அள்ளிக் கொடுத்தவர். அந்த வள்ளலுக்குத் தமக்கென்று ஓர் அரைப் புள்ளி வாங்கத்தான் கை நீளவில்லை. பயந்து பயந்து டிரா செய்கிறவன் என்று இருபது ஆண்டாக நகைத்தவர்கள், தங்கள் கண்ணால் பார்த்தார்கள்: பயப்பட வேண்டிய ஒரே நாளில் அவர் பயப்படவில்லை.

மறுபந்தயம் நடக்கவில்லை. முப்பது ஆட்டத்துக்குத் திரளாத பணம் பிறகும் திரளவில்லை. அதே 1910-இல் ஹாம்பர்க் போட்டியில் முதலிடம் பெற்றார் ஷ்லெக்டர். தோல்வி அவரை ஒடித்துவிடவில்லை. 1911-இல் ஜெர்மனியின் டாராஷோடு 16 ஆட்டம். ஆளுக்கு மூன்று வெற்றி, பத்து டிரா. பிறகு ஒரு பெரும்பணியில் இறங்கினார். சதுரங்கத்தின் சட்டப் புத்தகம் என்று சொல்லத்தக்க பில்கர் கையேட்டின் எட்டாம் பதிப்பு. 1912 முதல் 1916 வரை பகுதி பகுதியாக வந்து, ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. தொடக்க நகர்வுகளைப் பற்றி அன்றைக்கு மனிதனுக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசைப்படுத்திய வேலை. கூலிக்கு மாரடிக்கிறவன் செய்யும் வேலையில்லை. கூலி கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடையே 1914 வந்தது. போர் வந்தது. மன்னர்கள் தீட்டிய சண்டை. மக்கள் கட்டிய கணக்கு. போட்டிகள் அருகின. வியன்னாவில் ரொட்டிக்கு வரிசை, கரிக்கு வரிசை, பால் குழந்தைக்கே இல்லை. ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யலாம். 1918 ஜனவரியில் வியன்னாத் தொழிலாளர்கள் செய்தார்கள், லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். சதுரங்கக்காரன் யாரிடம் போய் வேலைநிறுத்தம் செய்வது? காப்பிக் கடையே காலியாகக் கிடக்கும்போது மேசையும் இல்லை, சந்தாதாரனும் இல்லை. அதே ஜனவரியில் ஷ்லெக்டர் பெர்லினில் ரூபின்ஸ்டைனோடு ஒரு சிறு போட்டி ஆடித் தோற்றார். கை தளர்ந்துவிட்டது. மூளைக்கு உணவு வேண்டாமா?

லாஸ்கரும் தப்பவில்லை. சேர்த்த பணத்தைப் போர்க் கடன் பத்திரத்தில் போட்டு இழந்தார். பின்னாளில், 1933-இல், இட்லர் ஆட்சி வந்தபோது யூதர் என்பதற்காக நாட்டைவிட்டு ஓடவேண்டியிருந்தது, உடைமை பறிபோனது. 66-ஆம் வயதில் மாஸ்கோ போட்டியில் உட்கார்ந்து மூன்றாமிடம் பெற்றார். 1941 ஜனவரியில் நியூயார்க்கில் மறைந்தார். காசு கேட்கத் தெரிந்தவருக்கே இந்தக் கதி.

1918 இலையுதிர் காலத்தில் பெர்லினில் நால்வர் போட்டி ஒன்று நடந்தது. லாஸ்கர், ரூபின்ஸ்டைன், ஷ்லெக்டர், டாராஷ். எட்டு ஆண்டுக்குப் பிறகு, அதே பெர்லினில், லாஸ்கரும் ஷ்லெக்டரும் ஒரே பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். லாஸ்கருக்கு முதலிடம், ஷ்லெக்டருக்கு மூன்றாமிடம். சில வாரத்திலேயே பேரரசு சரிந்தது. ஆஸ்திரியா வேறு, ஹங்கேரி வேறு என்றாயிற்று.

குளிர்காலத்தில் ஷ்லெக்டர் புடாபெஸ்ட் போனார். உடம்பில் வலுவில்லை. பசி என்று ஒருவரிடமும் சொல்லவில்லை என்கிறார்கள்; உதவி என்று ஒரு காசு கேட்கவில்லை என்கிறார்கள். அரைப் புள்ளியை மறுத்தது அவர் பெருமை. அதைப் பற்றி ஆயிரம் பேசலாம். அரை ரொட்டியைக் கேட்காமலிருந்ததை நான் பெருமை என்று சொல்லமாட்டேன். அவரோடு ஆடினவர்களும், அவர் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டினவர்களும், அவர் எழுதியதை அச்சிட்டு விற்றவர்களும் கேட்காமலே கொடுத்திருக்க வேண்டியது அது.

நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டது. பட்டினி கிடந்த உடல் தாங்கவில்லை. 1918 டிசம்பர் 27-ஆம் நாள் இறந்தார். வயது 44.